பழைய ஜென் மக்கர் செய்தால்: எங்கே முதலில் கை வைப்பது?

என்னிடம் இருப்பது 1998 மாருதி ஜென் கார், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) வைத்த வண்டி. 993 சிசி, ஏறக்குறைய 50 குதிரைத்திறன். எடை 800 கிலோவுக்கும் கீழே என்பதால் அந்த ஐம்பதே ஞாயிறு காலை நந்தி மலை வளைவுகளுக்குத் தாராளமாகப் போதும். மற்ற ஆறு நாளும் அல்சூரில் எங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் தூசி சேர்த்துக்கொண்டு நிற்கும். டெல்லியில் இருக்கும் என் சித்தி மகனிடமும் இதே வண்டி இருந்தது. அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி சாலையில் ஓடக் கூடாது என்பதால் விற்றுவிட்டான். பெங்களூரில் ஃபிட்னஸ் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருடமாக ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதனால்தான் இந்த ஊரில் இன்னும் இத்தனை ஜென் ஓடுகிறது, எனக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் “மச்சா, வண்டி ஸ்டார்ட் ஆகல” என்று போன் வருகிறது.

போனில் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கார்புரேட்டர் வைத்த மாருதி 800, எஸ்டீம் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். இந்த வயது வண்டிகளில் இரும்பு கெடுவது குறைவு. ரப்பரும் வயர் முனைகளும்தான் கெடும். அதனால் முதலில் கண்ணால் பாருங்கள், கையால் ஆட்டிப் பாருங்கள், அப்புறம் சில்லறைச் சாமான், கடைசியில்தான் பெரிய செலவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் வண்டி சரியாகிவிடும், எதனால் சரியானது என்று மட்டும் தெரியாது.

ஒரு மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள், பிளக் ஸ்பானர், 10, 12, 14 ஸ்பானர், டார்ச், ஒரு முழ வயர். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

## சாவியைத் திருப்பினால் ‘டிக்’ மட்டும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

விளக்கு அப்படியே மங்கிப்போகிறது, ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடிக்கிறது

பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்றுங்கள், முதலில் நெகட்டிவ். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். பாதிக் கதை இங்கேயே முடியும். முடியவில்லை என்றால் மீட்டரை வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது, அல்லது வெறும் வயிற்றோடு இருக்கிறது. ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்து, ஓடும் வண்டியில் மறுபடி பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பிழைத்தது. வரவில்லை என்றால் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். பெல்ட்டும் சரியாக இருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

வாரம் ஒரு நாள் மட்டும் எடுக்கும் வண்டியில் பேட்டரி இறங்குவது வியாதியே இல்லை. நிறுத்தும்போது நெகட்டிவைக் கழற்றி வையுங்கள், போதும்.

விளக்கு பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை

இதில்தான் நான் பணத்தைத் தொலைத்தேன். ஒரு டிசம்பரில் தினமும் காலையில் இதே தொல்லை. ஒரு கராஜில் பேட்டரி மாற்றினார்கள். பத்து நாளில் திரும்பி வந்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி அதையும் மாற்றினார்கள். மறுபடி வந்தது. கடைசியில் சிவாஜி நகரில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். அவர் பானட்டைத் திறந்து, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினில் ஒரு போல்ட்டிலும் கடித்து வைத்து, “இப்ப அடிங்க சார்” என்றார். ஒரே அடியில் எடுத்தது. பிறகு கியர்பாக்ஸ் பக்கம் கைவிட்டு, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் பட்டை எர்த் வயரை விரலால் வளைத்தார். ரப்பர் உறைக்குள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. உள்ளே நாலைந்து இழைதான் பாக்கி. “வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். எர்த் இல்லாம நிக்குது.” வயருக்கும் கூலிக்கும் சேர்த்து இருநூறு ரூபாய் வாங்கினார்.

அதனால் செல்ஃப் மோட்டார் மேல் பழி போடும் முன் அந்த ஜம்பர் சோதனையைச் செய்யுங்கள். மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை இன்ஜின் பிளாக்கில், ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் குறை. விளக்கு மங்கலாக எரிவது, வைப்பர் நொண்டுவது, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் முள் ஆடுவது எல்லாமே பெரும்பாலும் இதே எர்த்தின் வேலைதான். அவற்றுக்குத் தனித் தலைப்பு தேவையில்லை.

எர்த் நன்றாக இருந்து, ஒரே ஒரு கனமான ‘டக்’ மட்டும் கேட்டால் சொலினாய்டு அல்லது செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ். அதற்கு எலக்ட்ரீஷியன். அதுவரை இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்.

## செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, ‘விர்ர்’ என்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு ஒருவரை ஒரு நொடி அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ரோட்டார் சுற்றவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், கயிறு கட்டிப் பட்டறைக்கு. அடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

பெட்ரோல் வருகிறதா?

ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். சாவி போடாமல், ஆக்சிலரேட்டர் கேபிள் இழுக்கும் நெம்புகோலைக் கையால் இழுங்கள். உள்ளே மெல்லிய கம்பிபோல் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் பெட்ரோல் கணக்கு முடிந்தது, பொறிக்குப் போங்கள்.

பீய்ச்சவில்லை, வண்டியும் இரண்டு மூன்று வாரமாக நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்த பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பத்து நொடி அடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி அடியுங்கள். மூன்று நான்கு தடவையில் நிரம்பிவிடும். அப்போதும் வறண்டிருந்தால், டாங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பழைய வண்டியின் பெட்ரோல் முள்ளை நம்பி நான் தேவனஹள்ளியில் நின்றிருக்கிறேன். அதற்கடுத்தது ஃபில்டர். அப்புறம் பம்புக்கு வரும் ஹோஸ். அதில் வெடிப்பு இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், கீழே ஒரு சொட்டும் ஒழுகாது. கடைசியாகத்தான் பம்பின் டயாஃப்ரம்.

பெட்ரோல் வாசனை தூக்கலாக இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது

பெட்ரோல் அதிகமாகி இன்ஜினுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி அடியுங்கள். பிடித்ததும் காலை எடுங்கள். தினமும் இப்படி என்றால் சோக் மடல் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வண்டி சூடானபின் பாருங்கள். மடல் சரியாகத் திறந்திருந்தால் கிண்ணத்தில் நீடில் வால்வு பெட்ரோலை நிறுத்தாமல் விடுகிறது.

பொறி வருகிறதா?

மழைக்காலத்திலும், தண்ணீர் பீய்ச்சி இன்ஜினைக் கழுவிய மறுநாளும் வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பென்சில் கோடுபோல் கறுப்பாக ஓடினால் மூடி வெடித்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் சிறிய கார்பன் முனை ஸ்பிரிங்கோடு அசைகிறதா பாருங்கள். பிளக் வயர்களை இரவில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, வண்டி பிடித்தால் ஓடவிட்டு, இல்லையேல் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கேயாவது நீலமாக மின்னினால் அந்த வயர் போய்விட்டது. கழற்றும்போது ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை ஒட்டிவையுங்கள். ஜென்னின் பொறி வரிசை 1-3-4-2. இதை மாற்றி மாட்டிவிட்டு வண்டி சைலன்சர் வழியாக வெடித்ததும் போன் செய்கிறவர்கள் உண்டு.

மூடி, ரோட்டார், வயர், பிளக் நான்கும் நன்றாக இருந்தும் பொறி இல்லை என்றால் காயில் அல்லது இக்னைட்டர். அதை வீட்டில் ஊகிக்காதீர்கள். நல்ல காயில் கையில் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் மாட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

## சிக்னலில் அணைகிறது, ஐட்லிங் ஏறி இறங்குகிறது

பெங்களூரில் இதைவிட மானத்தை வாங்கும் பழுது கிடையாது. பின்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, பச்சை விளக்கு விழுந்த அந்த நொடியில்தான் அணையும்.

இன்ஜின் சூடானதும் ஒரு கெட்டியான அட்டையால் கார்புரேட்டர் வாயைக் கால்வாசி மூடுங்கள். ஐட்லிங் (ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிமிர்ந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இன்னும் திணறினால் பெட்ரோல் அதிகம். இந்த ஒரு சோதனையில் பாதி வேலை முடிந்தது.

காற்று அதிகம் என்றால்

இன்ஜின் ஓடும்போதே வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்குங்கள். எதை நசுக்கினால் ஐட்லிங் மாறுகிறதோ அந்த ஹோஸ், அல்லது அது போய்ச் சேரும் இடம், ஒழுகுகிறது. என் வண்டியில் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் முனை ரஸ்க் போலப் பொடிந்திருந்தது. முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன், காசு ஒன்றும் செலவில்லை. ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் கார்புரேட்டர் அடியில் இருக்கும் கேஸ்கெட்டின் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

அடுத்தது ஐடில் ஜெட் அடைப்பு. கார்ப் கிளீனர் ஸ்பிரே, அப்புறம் காற்று. ஊசி, கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் அவ்வளவுதான். கார்புரேட்டருக்கு வயர் போகும் சிறிய சொலினாய்டு இருந்தால், சாவி போட்டதும் ‘டிக்’ என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் வயரைப் பாருங்கள், பிறகு சொலினாய்டு.

பெட்ரோல் அதிகம் என்றால்

ஏர் ஃபில்டர். அதுவும் அவுட்டர் ரிங் ரோட்டில் தினம் ஓடும் வண்டி என்றால் கட்டாயம் ஏர் ஃபில்டர். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிது என்பதால் கார்புரேட்டர் வண்டி இங்கே கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாகவே ஓடும். சென்னையில் டியூன் செய்த வண்டி இங்கே வந்ததும் பிளக்கைக் கறுப்பாக்கினால் ஆச்சரியமில்லை.

ஐட்லிங் நன்றாக இருக்கிறது, கிளம்பும்போது மட்டும் ஒரு தடுமாற்றம்

மேலே சொன்ன பீய்ச்சும் சோதனையைச் செய்யுங்கள். பீய்ச்சல் அறுந்து அறுந்து வந்தால் ஆக்சிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ரிப்பேர் கிட் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். பழைய டயாஃப்ரத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் 800இன் கிட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

கார்புரேட்டரின் திராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று ஆடுகிறதா? அப்படியானால் எந்த டியூனிங்கும் ஒரு வாரம்தான் நிற்கும். அதற்குப் புஷ் போட லேத்துக்காரர் வேண்டும், இல்லையேல் வேறு கார்புரேட்டர் தேட வேண்டும். இங்கே உங்கள் ஸ்பானரைக் கீழே வையுங்கள்.

## சூடு ஏறுகிறது

முள் சிவப்பைத் தொட்டால் முதலில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரம் கட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. ஜென்னின் இன்ஜின் அலுமினியம், ஒரு தடவை நன்றாகக் காய்ந்தால் ஹெட் வளைந்துவிடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே திறக்காதீர்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்தால் கொள்ளை போகாது.

நெரிசலில் மட்டும் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

சில்க் போர்டில் ஏறி, ஓசூர் ரோடு மேம்பாலத்தில் இறங்குகிறதா? பிறகென்ன, ஃபேன்தான். ஃபேனின் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் வெப்ப சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, சாவியைப் போட்டுவிட்டு, இரண்டு வயர் இருந்தால் இரண்டையும் அந்த முழ வயரால் இணையுங்கள். ஒரே வயர் என்றால் அதை இன்ஜின் உலோகத்தில் தொடவையுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் கெட்டுவிட்டது. சுற்றவில்லை என்றால் ரிலே, பிறகு ஃபேன் மோட்டார். நடுவழியில் சுவிட்ச் போனால் இந்த இணைப்போடே வீடு வரை வரலாம். விரலை மட்டும் ஃபேனிலிருந்து தள்ளி வையுங்கள், அது எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது.

எங்கே ஓடினாலும் ஏறுகிறது

வண்டி ஆறியபின் கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஹோஸ் முனைகளிலும் வாட்டர் பம்ப் அடியிலும் வெள்ளைத் தடம் இருக்கும். குறையவில்லை என்றால் மூடியைப் பாருங்கள். இந்த ஊரின் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் அந்த மூடியின் ரப்பர் காய்ந்து போயிருந்தால், நல்ல ரேடியேட்டரும் பொங்கத்தான் செய்யும். சின்னச் சாமான், சந்தேகம் இருந்தாலே மாற்றலாம்.

மூடிக்கு அடுத்தது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடானபின் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு. ஸ்டார்ட் செய்து முள் நடுவைத் தாண்டியபிறகும் ரேடியேட்டர் ஹோஸ் சூடாகாமல் சில்லென்றே இருந்தால் அது திறக்கவில்லை. சில பேர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு “நம்ம ஊருக்கு இது வேண்டாம்” என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே டிசம்பர் காலையில் இன்ஜின் சூடாகவே நேரமெடுக்கும், பெட்ரோலும் குடிக்கும்.

அதற்கும் அடுத்தது ரேடியேட்டர் அடைப்பு. இந்தப் பாவத்தில் பாதி போர்வெல் தண்ணீருடையது. நம் பாத்ரூம் குழாயில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலண்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலங்கள்.

இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால் வண்டியை ஓட்ட வேண்டாம்: ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்போல் இறுகுவது, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவது, ஆயில் டிப்ஸ்டிக்கில் காபி நிறம். ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டை இறக்கி லேத்தில் மட்டம் பார்க்க வேண்டிய வேலை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல இருந்தால் அவசரப்படாதீர்கள், மழைக்காலத்தில் குட்டிக் குட்டி தூரம் ஓட்டினாலும் அது வரும்.

## நிறுத்திய வண்டியில் பெட்ரோல் வாசனை

இதில் எளிய காரணம், பெரிய காரணம் என்று வரிசை கிடையாது. ஒழுகல் எங்கே என்று தெரியும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் தொடங்கிவைத்ததே நம் பெங்களூரில்தான். இப்போது எந்தப் பங்க்கில் போட்டாலும் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் செய்த ஹோஸுக்கு அது தெரியாது. வெளியே நன்றாக இருக்கும், உள்ளே உப்பி, பிசுபிசுத்து, உதிரும். ஹோஸை வளைத்துப் பாருங்கள். முடிபோல் வெடிப்புத் தெரிந்தாலோ, கையில் கறுப்பு ஒட்டினாலோ, டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் துண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கிளிப்புகளையும் புதிதாகப் போடுங்கள். டாங்க்கே அரித்திருந்தால் தொடாதீர்கள். பெட்ரோல் டாங்க்கில் வெல்டிங் தெரிந்தவர் வேறு, வெல்டிங் தெரிந்தவர் வேறு.

## ஸ்டேரிங் நடுக்கம், திரும்பும்போது சத்தம்

80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுங்கினால் வீல் பாலன்சிங். பாலன்சிங் செய்தும் நடுங்கினால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. குறைவாக ஓடும் வண்டியில் பூ தேயாது, ரப்பர் கல்லாகிவிடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

காலி மைதானத்தில் ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். ‘டக் டக் டக்’ என்றால் ஆக்சில் ஜாயிண்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வீலின் உள்பக்கம் தெளித்திருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டால் பூட்டும் கிரீஸும் மட்டும் செலவு. ஸ்பீட் பிரேக்கரில் ‘லொட்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட். பள்ளத்துக்குப் பள்ளம் தாவும் நம் சாலையில் இவை தேயாமல் இருந்தால்தான் அதிசயம். இவற்றுக்கு பிரஸ் உள்ள பட்டறை வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

## பிரேக்

நான் வீட்டில் பார்ப்பது இரண்டு. ஆயில் அளவு, ஓட்டி வந்தபின் நான்கு வீலில் எது மட்டும் கொதிக்கிறது என்பது. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிக்னலில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர். அன்றே, அங்கிருந்தே மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

## எமிஷன் டெஸ்டில் ஃபெயில்

பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிக்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை போகலாம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை. வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டு போங்கள். ஆறிய இன்ஜினோடு போய் வரிசையில் நின்றால் நல்ல வண்டியும் தோற்கும். முதல் எண் அதிகம் என்றால் ஏர் ஃபில்டர், சோக் மடல், அதற்கப்புறம் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூ. இரண்டாவது எண் அதிகம் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது, பிளக்கையும் வயரையும் பாருங்கள். மிக்சர் ஸ்க்ரூவைத் தொடும் முன் அது இப்போது நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். கால் திருப்புக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம், திருப்பியபின் அரை நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். நான்கைந்து திருப்பிலும் எண் அசையவில்லை என்றால் கோட்டுக்கே திரும்ப வந்து, வண்டியை கார்புரேட்டர் பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.